பார்சல் மட்டும்

உரக்கடை திறக்கலாம். விதைக்கடை திறக்கலாம். நெல் கொள்முதல் நிலையம் நடக்கலாம், அறுவடை மெஷின் ரோட்டில் போகலாம். 2020 ஏப்ரலில் ஊரே அடைத்துக் கிடந்தபோதும் விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று அரசு சொன்னது. சரியான முடிவு. அந்த முடிவு இல்லாவிட்டால் காவிரிப் படுகையில் அறுத்த நெல் களத்திலேயே முளைத்திருக்கும். ஆனால் அந்த வேலைகளுக்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் நடுவழியில் எங்கே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவார்கள் என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் ஓர் உரக் கம்பெனியில் களப் பிரதிநிதி. குடும்பம் வேதாரண்யம் பக்கம் இருக்கிறது. தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், மன்னார்குடி, வடுவூர் என்று ஒரு சுற்று, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று இன்னொரு சுற்று. காலை டிபன் ஓர் ஊரில், மதியச் சாப்பாடு ஓர் ஊரில், ராத்திரிக்கு தஞ்சாவூர் மெஸ். கொரோனா காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறார்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறார்கள், ஊருக்கு நடந்தே போன வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறார்கள். எல்லாமே எழுதப்பட வேண்டியவைதான். ஓட்டல், டீக்கடை என்று பேச்செடுத்தால் மட்டும், வெளியே போய்ச் சாப்பிடுவது பொழுதுபோக்குதானே, கொஞ்ச நாள் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். நகரத்தில் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்குப் போகிறவருக்கு அது பொழுதுபோக்கு. லாரியில் நெல் மூட்டை ஏற்றுகிறவருக்கும், பஸ் கண்டக்டருக்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வாசலில் நிற்கிறவருக்கும் அது அன்றைய சோறு.

2020 பிப்ரவரி 5 அன்று தஞ்சாவூர் பெரிய கோயிலில் குடமுழுக்கு. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்த ஓட்டலிலும் இடம் கிடைக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கப்போகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்று காத்திருந்தார். சரியாக ஏழு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு. தமிழ்நாட்டில் அதற்கு முந்தின நாள் மாலை 6 மணிக்கே 144 வந்துவிட்டது. ஓட்டல்களுக்குப் பார்சல் மட்டும் என்றார்கள். டீக்கடைகள் அந்த வாரத்திலேயே மொத்தமாக மூடப்பட்டன. மே 11 அன்றுதான் டீக்கடைக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் பார்சலுக்கு. உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: பாதி இருக்கை, ஏசி போடக்கூடாது, மேசைக்கு மேசை இடைவெளி. 2021 ஏப்ரல் 26 அன்று மறுபடியும் பார்சல் மட்டும். மே 10 முதல் முழு ஊரடங்கு, அதிலும் பார்சலுக்குக் காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 என்று நேரக் கணக்கு. 2022 ஜனவரியில் மூன்றாவது அலை வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு தடவை பார்சல்.

பார்சல் என்பது எளிய ஏற்பாடாகத்தான் தெரியும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது: வாங்குகிற எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே தட்டு இருக்கிறது, கை கழுவத் தண்ணீர் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. எனக்கு மன்னார்குடியில் வீடு கிடையாது. லோடுமேனுக்கு நீடாமங்கலத்தில் வீடு கிடையாது.

மன்னார்குடியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில் ஒரு சப்ளையர் இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். எனக்கு ரசம் இரண்டு தடவை வேண்டும், அப்பளத்தை உடைக்காமல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தடை வந்த பிறகு கல்லாவுக்கு முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவரே பொட்டலம் கட்டினார். முதலில் பழைய செய்தித்தாள், அதன்மேல் வாழை இலை. இலையை நெருப்பில் லேசாக வாட்டியிருப்பார்கள், மடித்தால் கிழியாது. நடுவில் சோற்றைக் குவித்து, இரண்டு பக்கத்தையும் ஏற்றி, முனைகளை உள்ளே தள்ளி, சணல் நூலைக் கீழும் மேலுமாக ஓட்டி, கையாலேயே சுண்டி அறுத்துவிடுவார். சாம்பார், ரசம், மோர் மூன்றும் தனித்தனி கவரில், காற்றடைத்து உப்பலாக, நூல் சுற்றி. பொரியலும் ஊறுகாயும் குட்டிப் பொட்டலம்.

“அண்ணே, உள்ள உட்கார வைக்க முடியாதுண்ணே. முதலாளிக்கு ஃபைன் போட்டுடுவாங்க. வடுவூர் ரோட்டுல மதகு இருக்குல்ல, அங்க நிழலு. அங்க வச்சுச் சாப்புடுங்க.”

மதகுக் கட்டையில்தான் சாப்பிட்டேன். நான் மட்டும் இல்லை. அந்த நேரத்துக்கு அங்கே பூச்சிமருந்துக் கடைக்காரர், பால் வண்டி டிரைவர், ஈபி லைன்மேன் என்று யாராவது ஒருவர் இலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். சாம்பார் கவரின் முடிச்சு விரலுக்கு அவிழாது. பல்லால் கடித்து ஓட்டை போட வேண்டும். கடித்த வேகத்தில் பாதி சாம்பார் சட்டையில் போகும். மடியில் இலை, ஒரு கையில் கவர், காற்று அடித்தால் இலை புரண்டு சோறு மண்ணில். கை கழுவ வாய்க்கால். ஏப்ரல், மே மாதத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏது? குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரில்தான் கையும் கழுவினோம்.

ஆண்களுக்கு இவ்வளவுதான். பெண்களுக்கு இதைவிடக் கடினம். எனக்குத் தெரிந்த ஒரு வேளாண் உதவி அலுவலர், நாலைந்து கிராமங்களைத் தனியாகப் பார்க்கிறவர். ஊரடங்கில் அவருக்கும் வேலை நிற்கவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியுமா? வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை ஏதாவது ஒரு உரக்கடைக்குள் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். அதையும் சமாளித்துக்கொண்டார். சமாளிக்க முடியாதது கழிப்பறை. டெல்டாவின் சின்ன ஊர்களில் வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு நம்பிப் போகக்கூடிய ஒரே கழிப்பறை ஓட்டல் கழிப்பறைதான். இரண்டு இட்லி வாங்கினால் தயக்கமில்லாமல் கேட்கலாம். உட்கார அனுமதி இல்லை என்றதும் பின்கட்டுக் கதவும் சாத்தப்பட்டது. “காலைல கிளம்பினா சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்ல சார்” என்றார். சித்திரை வெயிலில். அரசு உத்தரவில் இருக்கை எண்ணிக்கை இருந்தது, நேரம் இருந்தது, கழிப்பறை பற்றி எனக்குத் தெரிந்து ஒரு வரி இல்லை.

இன்னொரு கூட்டம் ஆஸ்பத்திரி வாசலில். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குத் திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, அரியலூர் என்று சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நோயாளி ஒருவர் என்றால் கூட வந்தவர் இரண்டு பேர். 2021 மே மாதம் அந்த வாசலில் பார்சல் சோற்றை வைத்துக்கொண்டு சாலை நடுவில் உள்ள தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவும் பெண்ணும் ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் கவரை உயர்த்திப் பிடிக்க, மற்றவர் பிசைந்தார். அந்த மாதத்தில் இந்து சமய அறநிலையத் துறை கோயில்கள் மூலமாக நாளொன்றுக்கு ஒரு லட்சம் உணவுப் பொட்டலங்களை மாநிலம் முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தது. அது முக்கியமாக நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்காக. ஒரு ரூபாய் இட்லியும் 5 ரூபாய் சாம்பார் சாதமும் 3 ரூபாய் தயிர் சாதமும் கொடுக்கும் அம்மா உணவகங்களும் ஊரடங்கில் கைகொடுத்தன. இந்த இரண்டு காரியங்களையும் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பசி தீர்ந்தது. உட்கார இடம்தான் கடைசிவரை இல்லை.

இந்தத் தடைகள் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது அலையில் எனக்கு வேண்டியவர்களை நானும் இழந்திருக்கிறேன். சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும், பேசிக்கொண்டேதான் சாப்பிடுவோம், அடைத்த அறையில் ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவருக்குப் போகும். 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் நடந்ததை உலகமே பேசியது. ஜன்னல் இல்லாத ஓர் ஓட்டல் மாடியில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டன. ஒரு குடும்பம் வூகானிலிருந்து வந்தது. ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு வாரத்துக்குள் மூன்று குடும்பத்திலுமாக 10 பேருக்குத் தொற்று. ஓட்டல் ஊழியர்கள் ஒருவருக்கும் வரவில்லை. நம் ஓட்டல்களில் ஏசி போடக்கூடாது என்று சொன்னதன் நியாயம் இதுதான், அந்த நிபந்தனை சரியானது.

ஆனால் காரணம் அடைந்த காற்று என்றால், திறந்த வெளிக்கு வேறு விதி இருந்திருக்க வேண்டும். பல நாடுகள் அப்படித்தான் செய்தன. இங்கிலாந்தில் 2021 ஏப்ரல் 12 அன்று மதுக்கூடங்களையும் ஓட்டல்களையும் வெளி இருக்கைகளோடு முதலில் திறந்தார்கள். உள்ளே உட்கார மே 17 வரை காத்திருக்கச் சொன்னார்கள். பிரான்ஸில் 2020 அக்டோபர் கடைசியில் மூடிய காபிக் கடைகள் 2021 மே 19 அன்று திறந்தபோதும் முதல் அனுமதி வாசலில் போட்ட நாற்காலிகளுக்குத்தான். அந்தக் குளிரிலும் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்தார்கள். நம் ஊரில் வெளியே உட்காரப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அம்மாபேட்டைக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் உள்ள டீக்கடையில் சுவர் என்று இருப்பது ஒரு பக்கம்தான். மேலே கீற்று, முன்னால் புங்கமரம், மரத்தடியில் இரண்டு பெஞ்சு, எதிரே வயல். வயல் காற்று நாள் முழுக்க வீசுகிற இடம். ஏசி ஹாலுக்கும் இந்தப் பெஞ்சுக்கும் 2020 மார்ச்சில் ஒரே சட்டம், 2021 மே மாதத்திலும் ஒரே சட்டம். முதல் தடவை எல்லாருக்கும் பதற்றம், நோயைப் பற்றி யாருக்கும் முழுதாகத் தெரியாது, மன்னிக்கலாம். இரண்டாவது தடவையாவது மரத்தடிப் பெஞ்சுக்குத் தனி அனுமதி கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பெஞ்சு வெறும் டீ குடிக்கிற இடமும் இல்லை. விடிகாலை நாலரை மணிக்கு பாய்லர் கொதிக்கும்போது நடவுக்கும் களையெடுக்கவும் ஆள் பேசுவது அங்கேதான். எந்த மடையில் தண்ணீர் வந்தது, கொள்முதல் நிலையத்தில் சாக்கு இருக்கிறதா, யூரியா எந்தக் கடைக்கு வந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கே அங்கேதான் முதலில் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கரண்டும் போனும் போய்க் கிடந்த நாட்களில் யார் வீட்டுக் கூரை போனது, நிவாரணம் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்க ஜனங்கள் போய் நின்றது டீக்கடை வாசலில். புயலுக்குத் திறந்திருந்த கடை தொற்றுக்கு மூடியது. 2020 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைக் குறித்த தேதியில் திறந்தார்கள், எட்டு வருஷமாகத் தவறிப்போன தேதி. 16ஆம் தேதி கல்லணை திறந்தது. குறுவை வேலை எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் சூடு பிடித்தது. ஜூன் 8 அனுமதிக்குப் பிறகும் பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, கயிறு கட்டிய டீக்கடை வாசலில் ஆள் பேசவும் முடியாமல், கலையவும் மனமில்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை அந்த மாதம் முழுக்கப் பார்த்தேன்.

செய்தித்தாளும் போனது. தொட்டால் ஒட்டும் என்ற பயத்தில் டீக்கடைகளில் பேப்பர் போடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் கேட்கிற வழக்கம் பல கடைகளில் அத்தோடு சரி. இன்று பெஞ்சு இருக்கிறது, ஆளுக்கொரு போன் இருக்கிறது, பேப்பர் திரும்பி வராத கடைகள் எனக்குத் தெரிந்தே பல.

கண்ணாடி டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கீழத்தஞ்சையில் 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் முன்னின்று, பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மண் இது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுக் கிராம டீக்கடைகள் பலவற்றில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் கொடுமை தொடர்ந்தது. சட்டத்துக்குப் பயந்து அதை நிறுத்திய சில இடங்களில் ஒரு தரப்புக்கு டம்ளர், இன்னொரு தரப்புக்குத் தூக்கி எறியும் கப் என்று வேறு உருவத்தில் வைத்துக்கொண்டார்கள். கொரோனா வந்ததும் எல்லார் கையிலும் ஒரே பேப்பர் கப். நடவு வேலைக்குப் போய்வந்த ஒரு பெரியவர் என்னிடம் கப்பைத் தூக்கிக் காட்டி, “இப்ப எல்லாருக்கும் இதான் தம்பி. மிராசுதாருக்கும் இதான்” என்றார். சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நோய் பயத்தில் வந்த சமத்துவம் நோய் போன பிறகும் இருக்க வேண்டும். டம்ளர் திரும்பி வந்த கடைகளில் அது எல்லாருக்குமாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பது ஊர்க்காரர்களின் கடமை.

அந்தக் கப்பும் சாம்பார் கவரும் வேறொரு சேதமும் செய்தன. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தூக்குப் பை எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. ஒரு வருஷம் ஓரளவு கடைப்பிடித்தோம். பாத்திரம் கொண்டுவந்து சாம்பார் வாங்கும் பழக்கம் தஞ்சாவூரில் திரும்பியிருந்தது. பார்சல் காலம் அதைத் துடைத்துவிட்டது. குறுவைத் தண்ணீர் கிளை வாய்க்காலுக்கு வந்தபோது முதலில் மிதந்து வந்து மடையை அடைத்தது இந்தக் கப்பும் கவரும்தான். மண்வெட்டியோடு நின்று அதை அள்ளிப் போட்ட விவசாயிகள் பலர்.

வாழை இலைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கம் காவிரிக் கரை வாழை. பழத்துக்காக வளர்த்தாலும் அன்றாடச் செலவுக்குக் கை கொடுப்பது இலை. விடிவதற்கு முன் அறுத்துக் கட்டி ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய்ச்சேர வேண்டும், ஒரு நாள் தாண்டினால் இலைக்கு மதிப்பில்லை. ஓட்டலில் பந்தி இல்லை, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது. இலையை அறுக்கிற கூலிகூட வராது என்று மரத்திலேயே விட்டுவிட்டார்கள். காற்றில் நார் நாராகக் கிழிந்து தொங்கிய தோப்புகளைத் தாண்டித்தான் நான் உரம் விற்கப் போனேன். யார் உரம் வாங்குவார்கள்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2020 மே 7 அன்று சென்னை நீங்கலாக டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. டீக்கடைக்குப் பார்சல் அனுமதி வந்தது அதற்கு நாலு நாள் பிறகு. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் மதுக்கடைகளைத் திறந்துவிட்டார்கள், எல்லை தாண்டிப் போகிறார்கள் என்று அரசு காரணம் சொன்னது. வயது வாரியாக நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது, 16ஆம் தேதி டோக்கன் முறையில் மறுபடி திறந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தடுப்புக் கட்டைகள், கூடாரம், போலீஸ் எல்லாம் வந்தன. இவ்வளவு ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு டீக்கடைப் பெஞ்சுக்குச் செய்திருந்தால் போதும். டாஸ்மாக்கிலும் பாருக்கு அனுமதி தரவில்லை. வாங்கியவர்கள் எங்கே குடித்தார்கள்? வயல் வரப்பில், வாய்க்கால் கரையில், பூட்டிய பள்ளிக்கூடத் திண்ணையில். உடைந்த பாட்டில் சேற்றில் கிடந்து நடவுப் பெண்களின் காலைக் கிழித்தது. இதுவும் பார்சல்தான்.

2021இல் டெல்டாவுக்குத் தனி வருத்தம். ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டீக்கடைக்குப் பார்சல் அனுமதி கொடுத்தார்கள். தொற்று குறையவில்லை என்று 11 மாவட்டங்களுக்கு அது இல்லை: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், அத்தோடு எங்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. கொள்ளிடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் திருமானூர், அரியலூர் மாவட்டம். அங்கே டீ உண்டு. இந்தப் பக்கம் கிடையாது. தொற்று கூடுதலாக இருந்தது உண்மை, அதை மறுக்க முடியாது. அந்த நேரம் குறுவை நடவு உச்சத்தில் இருந்ததும் உண்மை. ஜூலை 5 அன்றுதான் 38 மாவட்டங்களுக்கும் ஒரே தளர்வு வந்து, பாதி இருக்கையோடு ஓட்டலில் உட்கார முடிந்தது. பார்கள் நவம்பர் 1 வரை காத்திருந்தன.

மன்னார்குடி ஓட்டலுக்கு அந்த ஜூலையில் போனபோது சிவகங்கைக்காரரைக் காணோம். சப்ளையருக்குச் சம்பளம் குறைவு, தினப் பேட்டாவும் சாப்பிட்டவர்கள் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் பத்து இருபதும்தான் பெரிய வரும்படி. பார்சலுக்குப் பரிமாற ஆள் வேண்டாம். மாஸ்டரும் பொட்டலம் கட்டுகிறவரும் கல்லாவும் இருந்தால் கடை ஓடும். முதல் தடவை முதலாளி சமாளித்து வைத்துக்கொண்டார், இரண்டாவது தடவை முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாடகையும் வட்டியும் அவருக்கு நிற்கவில்லை. சப்ளையருக்குப் போன் போட்டேன். ஊரில் டிவிஎஸ் 50இல் டீ கேன் வைத்துக்கொண்டு செங்கல் சூளைகளுக்குப் போய்வருவதாகச் சொன்னார். “நல்லாத்தாண்ணே இருக்கேன். உட்கார்ந்து சாப்புடுறவங்களுக்கு இலை போட்டுத் தண்ணி தெளிச்சு எத்தனை நாளாச்சு, அதான் கையெல்லாம் சும்மா இருக்கற மாதிரி இருக்கு” என்றார். அவர் திரும்பி வரவில்லை. டெல்டா ஓட்டல்களில் அனுபவமுள்ள சப்ளையருக்கு இன்றும் தட்டுப்பாடு.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் திட்டம் எழுதி வைக்க வேண்டும். எங்கள் மாவட்டங்களில் வெள்ளமும் புயலும் வரும், எங்கே முகாம், எங்கே படகு என்று எழுதுகிறார்கள். அதே திட்டத்தில் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஒதுக்குங்கள் என்று டெல்டாவின் நான்கு மாவட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். தொற்றோ வேறெதுவோ, மறுபடி தடை போட நேர்ந்தால் திறந்த வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதை முதல் நாளிலிருந்தே அனுமதியுங்கள். ஒவ்வொரு பேரூராட்சியிலும் பொதுக் கழிப்பறையைத் தண்ணீரோடு திறந்து வைக்க ஆள் போடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பந்தலும் பத்து பெஞ்சும் ஒரு குழாயும் போதும். பரிமாறுகிறவர்களை வேலை இழந்தவர்கள் பட்டியலில் சேருங்கள், அவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. முக்கியமாக, எந்தக் கடை திறக்கலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மாவட்டத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.